கியூகா ஏரியின் தரை

ஆர்ஃபா விக்சம் ஐம்பத்துநாலு வயதுவரை படகில் கால் வைத்ததில்லை. ஏரிக்கரையில் பிறந்தவள், அதே கரையில் வாழ்க்கைப்பட்டவள், பிறந்ததிலிருந்து கியூகா தண்ணீரைத்தான் குடிக்கிறாள். அக்கா வீடு நேர் எதிர்க்கரையில். துடுப்புப் போட்டால் அரைமணி நேரம். ஆர்ஃபா பழைய லாரியில் ஏறிக்கொண்டு, ஏரியைச் சுற்றி இருபது மைல் போய், அக்காவைப் பார்த்துவிட்டு, அதே இருபது மைல் திரும்பி வருவாள். கேட்டால், "எனக்குத் தண்ணி ஒத்துக்காது" என்பாள். ஊரும் அதோடு விட்டுவிட்டது. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு கிறுக்கு இருக்கும்தானே.

விஷயம் அது இல்லை. அவளுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, ஒரு பிப்ரவரி மாதம், அண்ணன் லைமன் உறைந்த ஏரியின்மேல் நடந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான். பனிக்கட்டி அறுக்கும் வேலை முடித்து வந்த பையன், பதினேழு வயது. பிளஃப் முனைக்கு நேரே ஊற்றுக்கண் இருக்கும் இடத்தில் பனி மெலிந்திருந்தது. பின்னால் வந்த இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய்விட்டான். மூன்று நாள் கொக்கி போட்டுத் துழாவினார்கள். பனி உருகியதும் மறுபடியும் துழாவினார்கள். கிடைக்கவில்லை. அந்த ஆழத்துக் குளிர் உள்ளே வாங்கியதை மேலே அனுப்பாது.

அந்த வசந்தத்தில்தான் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சொன்னார்கள், கியூகாவுக்குத் தரையே கிடையாது என்று. ஊரில் இருக்கிற துணிக்கொடிக் கயிற்றையெல்லாம் ஒன்றாக முடிந்து யாரோ இறக்கிப் பார்த்தார்களாம், எட்டவே இல்லையாம். ஆர்ஃபா கேட்டுக்கொண்டாள். தரை இல்லாத தண்ணீரில் விழுந்தவன் எங்கே போய் நிற்பான்? நிற்கமாட்டான். லைமன் இன்னும் போய்க்கொண்டிருக்கிறான் என்று அன்றைக்கு முடிவு கட்டினாள்.

வளர்ந்த பிறகு மாவட்ட அலுவலகத்துச் சுவரில் ஏரியின் வரைபடம் பார்த்தாள். மிக ஆழமான இடம் நூற்று எண்பத்துச் சொச்சம் அடி என்று போட்டிருந்தது. அவள் முட்டாள் இல்லை, படித்தாள், நம்பினாள். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது மறுபடியும் அதே நினைப்பு: இந்நேரம் எவ்வளவு தூரம் போயிருப்பான்? மூளை நம்பியதை வயிறு நம்பவில்லை. கல்யாணமாகி, மூன்று பிள்ளை பெற்று, அவர்களும் ஆளுக்கொரு ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் அண்ணன் விழுந்துகொண்டேதான் இருந்தான். நாற்பத்திரண்டு வருஷம். இதை அவள் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

புருஷன் ஹார்லன் செம்புக்கம்பிக்காரன். அந்தக் கரையில் அப்படிச் சொன்னால் போதும், எல்லோருக்கும் புரியும். கோடையில் ஏரி ட்ரவுட் மீன் வெயிலுக்குப் பயந்து தரையோடு போய் ஒட்டிக்கொள்ளும். சாதாரணத் தூண்டில் நரம்பு அவ்வளவு ஆழம் இறங்காது. செம்புக் கம்பி தன் கனத்திலேயே இறங்கும். கம்பி முனையில் பத்து முழம் மெல்லிய நரம்பு, நரம்பு முனையில் குஞ்சு மீன்போல் மின்ன, தட்டையாகத் தட்டி எடுத்த ஒரு கரண்டி, அதன் வாலில் முள். படகு ஆமை வேகத்தில் போக, கையால் கம்பியைச் சுண்டிச் சுண்டி, தரையோரமாக அந்தக் கரண்டியைத் துள்ள வைக்க வேண்டும். தூண்டில் கழியெல்லாம் கிடையாது. கைதான் எல்லாம்.

செம்புக்கம்பிக்காரர்களுக்கு ஒரு குணம் உண்டு. பெண்டாட்டி பிள்ளை பற்றிக் கேளுங்கள், மணிக்கணக்கில் பேசுவார்கள். என்ன கரண்டி போடுகிறாய் என்று கேட்டால் வாயில் பூட்டு. எதிரே வேறு படகு வந்தால் கரண்டியைத் தொப்பிக்குள் போட்டுக்கொள்வார்கள். ஊர்த் தீயணைப்புப் படை ஜூலை கடைசிச் சனிக்கிழமை வைக்கும் மீன் விருந்துக்கு இருபத்தாறு வருஷமாக ஹார்லன்தான் பெரிய மீன் கொண்டுபோனான். என்ன கரண்டி என்று ஒரு பயலுக்கும் தெரியாது.

1953-ஆம் வருஷம், விருந்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, புளிப்புச் செர்ரி பறிக்க ஏணியில் ஏறியவன் வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். முழங்கைவரை மாவுக்கட்டு. பக்கத்துத் திராட்சைத் தோட்டத்து மெரில் கோவர்ட் நல்ல மனுஷன், உடனே வந்துவிட்டான்.

"என்னப்பா ஹார்லன், நீ மோட்டாரைப் புடி, நான் கம்பி இழுக்கறேன். வர்ற மீன்ல பாதிப் பாதி. என்ன சொல்ற?"

"யோசிச்சுச் சொல்றேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? உன் கரண்டியை நான் முழுங்கிடவா போறேன்?"

"முழுங்க மாட்ட. பாப்ப. அதான் பிரச்சினை."

மெரில் சிரித்துக்கொண்டே போனான். ஹார்லன் சிரிக்கவில்லை. அடுத்த நாலு நாளும் சமையலறையில் உட்கார்ந்து உயிரை வாங்கினான். காப்பி ஆறிவிட்டது என்றான், சோளம் முற்றிவிட்டது என்றான், ரேடியோக்காரனுக்குப் பேசத் தெரியவில்லை என்றான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆர்ஃபா ஜன்னல் வழியே பார்த்தாள். கரையில் கவிழ்க்காமல் கிடந்த படகில் தனியாக உட்கார்ந்து, இடது கையால் கம்பியைச் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். முடியவில்லை. மறுபடியும் சுண்டினான். அவளுக்கு நெஞ்சு இளகிப்போய்விட்டது. உண்மையைச் சொன்னால், அவளுக்கும் அந்தப் பயத்தைச் சுமந்து சுமந்து அலுத்திருந்தது.

"நாளைக்கு நான் வர்றேன்" என்றாள்.

"எங்க?"

"ஏரிக்கு. கம்பி இழுக்க. நான் யார்கிட்டயும் போய் உன் கரண்டியைப் பத்திச் சொல்லப்போறதில்ல."

தண்ணீருக்குப் பயந்தவளைக் கூட்டிப்போவதா, மெரிலிடம் கரண்டியைக் காட்டுவதா என்று நாலு நாளாக ஹார்லன் உள்ளுக்குள் தராசு பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான் போல. மனுஷன் ஒரு நொடிகூட மறுக்கவில்லை.

விடிந்ததும் படகுத்துறைக்குப் போனார்கள். ஹார்லன் முதலில் இறங்கி உட்கார்ந்துகொண்டான். ஆர்ஃபா பலகை விளிம்புவரை வந்தாள். பலகைகளுக்கிடையே பச்சையாகத் தண்ணீர் தெரிந்தது. கால் நின்றுவிட்டது. அவள் சொன்னால் கேட்கும் கால்தான், அன்றைக்குக் கேட்கவில்லை.

"அவசரமில்ல" என்றான் ஹார்லன். அவனுக்கு அவசரம்தான். பேச்சுக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்து, சாமான் பெட்டியைத் திறந்தான். "இங்க பாரு. ஜூன் மாசமா இருந்தா உயிரோட இருக்கற வெள்ளிக் குஞ்சு மீனை முள்ளுல கோத்து இறக்கிட்டு உக்காந்திருக்கலாம். அப்ப ட்ரவுட் தேடி வந்து தின்னும். இப்ப மேல வெந்நி, கீழ ஐஸு. அது கீழயே படுத்துட்டு, வாய்க்கு நேரா வந்தாத்தான் கடிக்கும். அதனால கரண்டி."

"ம்."

"வெயில் அடிச்சா வெள்ளி. மப்பா இருந்தா செம்பு. இன்னைக்கு வெயிலு. கனமான கரண்டி சீக்கிரம் இறங்கும், ஆனா ஆடாது. மெல்லிசு ஆடும், ஆனா பொறுமை வேணும். இரை வாசனைக்கு அந்தக் குஞ்சு மீனை எடுத்துக் கரண்டி மேல ஒரு தேய் தேய்க்கணும். புகையிலை தொட்ட கையால மட்டும் தொடவே கூடாது, அந்த நாத்தம் அதுக்கு ஆகாது."

சொல்லிக்கொண்டே ஃபிளானல் துணிச் சுருளை ஒற்றைக் கையால் விரித்தான். விரித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவனுக்குத் தெரிந்தது. நடுவில் கிடந்த வெள்ளிக் கரண்டி தட்டையாக்கப்பட்டு, காம்பு வெட்டப்பட்டிருந்தது. ஆனால் விளிம்பில் திராட்சைக் கொடி வேலைப்பாடு அப்படியே இருந்தது.

ஆர்ஃபாவின் கல்யாணத்துக்குத் தேவாலயத்துப் பெண்கள் சேர்ந்து கொடுத்த பன்னிரண்டு தேக்கரண்டியில் ஒன்று அது. இருபத்தாறு வருஷமாகப் பதினொன்றுதான் இருக்கிறது. பன்னிரண்டாவதை நாத்தனார் ஐவா எடுத்துப்போய்விட்டாள் என்று ஆர்ஃபா சத்தியமாக நம்பியிருந்தாள். அதற்காக ஐவாவிடம் இருபத்தாறு கிறிஸ்துமஸுக்கு முகம் கொடுத்துப் பேசியதில்லை.

"ஹார்லன்!"

"சொல்ல நெனச்சேன்..."

"எப்ப? என் சாவுக்கா? ஐவாவை நான் என்னெல்லாம் பேசியிருக்கேன்! நீயும் பக்கத்துல உக்காந்து தலையை ஆட்டிக்கிட்டு இருந்தியே, மனுஷனா நீ?"

"இதுல இருக்கற வெள்ளி அந்த மாதிரி வெள்ளி, ஆர்ஃபா. நான் எத்தனையோ வாங்கிப் பாத்துட்டேன். மீனுக்கு இதான் புடிக்குது."

"குடு அதை!"

அவள் பறிக்கப் பாய்ந்தாள். கையில் கரண்டி வந்த பிறகுதான் கவனித்தாள், படகில் நின்றுகொண்டிருந்தாள். ஹார்லன் அதற்குள் கயிற்றை அவிழ்த்துவிட்டான். படகு கரையை விட்டு நாலடி தள்ளி வந்திருந்தது. ஆர்ஃபா சட்டென்று குந்தி உட்கார்ந்து இரண்டு பக்கமும் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கோபம் பாதியில் நின்றது.

"என் மூஞ்சியைப் பாத்து உக்காரு, தண்ணியைப் பாக்காத" என்றான் ஹார்லன்.

"உன் மூஞ்சியைப் பாக்கறதுக்குத் தண்ணியே பரவால்ல."

படகின் பக்கவாட்டில் ஒரு கிராமஃபோன் பெட்டி அறையப்பட்டிருந்தது. இசைத்தட்டு சுற்றும் இடத்தில் ஒரு மரச் சக்கரம், அதில் செம்புக் கம்பி. சாவி கொடுத்துவிட்டால், கையால் இழுக்கும் கம்பியை அந்தச் சுருள்வில் தானே சுற்றிக்கொள்ளும். அந்தக் கரையில் பாதி வீட்டுப் பாட்டுப் பெட்டிகள் இப்படித்தான் ஏரிக்குப் போயின. இது ஏலத்தில் எடுத்தது என்று ஹார்லன் முந்திக்கொண்டு சொன்னான்.

நடு ஏரியில் மோட்டாரைக் குறைத்தான். குஞ்சு மீனைத் தேய்த்து, கரண்டியை மாட்டி, இறக்கச் சொன்னான். கம்பியில் ஐம்பதடிக்கு ஒரு சிவப்பு நூல் சுற்றியிருந்தது. ஒரு சிவப்பு போனது, இரண்டு போனது. ஆர்ஃபாவின் விரலுக்கிடையே கம்பி ஓடிக்கொண்டே இருந்தது. ஆறு சிவப்பு போயிற்று. இது நிற்கப்போவதில்லை, பெட்டியில் இருக்கும் கம்பியெல்லாம் தீர்ந்தாலும் நிற்கப்போவதில்லை.

"படகு ஓடுதில்ல, கம்பி சாஞ்சு போவுது, அதான் நீளம். இப்ப சுண்டு. இழுத்து விடு. இழுத்து விடு. கீழ ஏதாவது தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல."

"இன்னும் கொஞ்சம் விடு. இழு. இப்ப?"

விரலில் ஏதோ தட்டியது. மெல்லிசாக. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒற்றை விரலால் தொட்டதுபோல. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி சுண்டினாள். மறுபடியும் தட்டியது.

"ஹார்லன், தட்டுது. என்ன அது? மீனா?"

"மீன் இல்ல. தரை."

ஆர்ஃபா மறுபடி இழுத்து விட்டாள். தட்டியது. இழுத்து விட்டாள். தட்டியது. வேண்டுமென்றே ஒரு தடவை விடாமல் வைத்திருந்தாள், ஒன்றுமில்லை. விட்டாள்; இருந்தது. எத்தனை தடவை கேட்டாலும் அது பதில் சொன்னது. கீழே, வெளிச்சமே போகாத இடத்தில், அத்தனை தண்ணீரையும் தாங்கிக்கொண்டு ஒரு தரை கிடந்தது. மனுஷர்கள் கண்ணால் பார்க்காத தரை. அது அவள் விரலோடு பேசியது.

"எவ்வளவு ஆழம்?"

"இங்க நூத்தி நாப்பது அடி இருக்கும். இப்ப வழவழன்னு இழுக்குதில்ல, அது களிமண்ணு. இன்னும் கொஞ்ச தூரத்துல கரகரன்னு வரும் பாரு, சரளை."

சொன்னபடியே கரகரவென்று வந்தது. பிறகு இரண்டு பெரிய இடி, பாறை. பிறகு மறுபடி களிமண், அப்படியே ஒரு சரிவு. ஆர்ஃபா வாய்விட்டு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஹார்லன் தலையாட்டிக்கொண்டே வந்தான். அவளுக்குப் பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

சரளை விளிம்பில்தான் மீன் பிடித்தது. கம்பி கையைவிட்டுப் போகப் பார்த்தது. "அவசரப்படாத, விட்டுக் குடுத்து இழு, பெட்டி சுத்திக்கும்!" என்று ஹார்லன் கத்தினான். அவள் கை மேல் கை மாற்றி இழுத்தாள். நேரமாக ஆக, கையில் வரும் கம்பி சில்லென்று ஆனது, பிறகு ஐஸாக ஆனது. மேலே ஜூலை வெயில் மண்டையைப் பிளக்கிறது, கையில் ஜனவரி. படகைச் சுற்றிக் குமிழி குமிழியாக வந்தது. ஆழத்திலிருந்து வரும் ட்ரவுட் வயிற்றுக் காற்றை வெளியே விட்டுக்கொண்டேதான் வரும். அந்தக் குமிழிகளுக்கு நடுவே, பச்சைத் தண்ணீரில் முதலில் ஒரு வெளுப்பு, பிறகு ஒரு நீளம், பிறகு சாம்பல் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியாக அந்த மீன். ஹார்லன் இடது கையால் வலையில் வாரினான். பதினோரு ராத்தல் தேறும்.

ஆர்ஃபா அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். அவ்வளவு குளிர்ச்சி. அத்தனை வருஷம் அந்தத் தரையின்மேல் நீந்தியிருக்கிறது இது, பார்த்திருக்கிறது.

"இன்னொரு சுத்து போனா இதைவிடப் பெருசு வரும்" என்றான் ஹார்லன். முகம் மலர்ந்திருந்தது. "மெரில் நாலஞ்சு ராத்தல்தான் புடிச்சிருப்பான்."

"ஹார்லன், என்னைப் பிளஃப் முனைக்குக் கூட்டிட்டுப் போ."

"அங்க மீனு கிடையாது. வெறும் சேறு." சொன்ன பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான். லைமன் எங்கே மூழ்கினான் என்று அவனுக்கும் தெரியும். மோட்டாரை அணைத்துவிட்டான்.

அவள் சொன்னாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், துணிக்கொடிக் கயிறு, பாத்திரம் கழுவும்போது வரும் நினைப்பு எல்லாம். "வரைபடம் பாத்திருக்கேன். எனக்குத் தெரியும். ஆனா எனக்கு அவன் நின்னதே இல்ல. இன்னைக்குக் காலைலகூட போயிட்டுத்தான் இருந்தான்."

ஹார்லன் சிரிக்கவில்லை. முப்பத்தொரு வருஷமாகப் பக்கத்திலேயே இருந்திருக்கிறோம், இது தெரியாமல் போயிற்றே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. "சொல்லியிருக்கலாமே" என்றான். பிறகு, "நானும் கரண்டியைச் சொல்லல" என்றான்.

பிளஃப் முனைக்கு நேரே படகு நின்றபோது வெயில் ஏறிவிட்டது. நூறு கஜ தூரத்தில் மெரில் கோவர்ட்டின் படகு வந்துகொண்டிருந்தது. ஆர்ஃபா பெட்டியிலிருந்து பெரிய ஈயக்குண்டை எடுத்தாள்.

"அது வேணாம்" என்றான் ஹார்லன். "இங்க நூத்தி எழுவதுக்கு மேல இருக்கு, கீழ மெத்து மெத்துன்னு சேறு. ஈயம் போற வேகத்துல உள்ள புதைஞ்சிடும், எங்க தொட்டுச்சுன்னே கைக்குத் தெரியாது. கரண்டிதான் மேலாப்புல படுக்கும்." ஈயக்குண்டை வாங்கி வைத்துவிட்டுக் கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுத்தான். கரண்டியை முழங்காலுக்கிடையே இடுக்கி, வாலில் இருந்த முள்ளை வெட்டிப்போட்டான். "முள்ளு வேண்டாம். கீழ இருக்கற எதையும் குத்தக் கூடாது."

மெரில் பக்கத்தில் வந்துவிட்டான். "என்னப்பா, அங்க ஒரு குஞ்சுகூடக் கிடையாதே! அட, ஆர்ஃபாவா அது? படகுலயா?" என்று கத்தினான். வெயிலில் வெள்ளிக் கரண்டி பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. ஹார்லன் அதை மறைக்கவில்லை. "மீனுக்கு இல்ல, மெரில்" என்றான், அவ்வளவுதான். மெரில் முனையைப் பார்த்தான், ஆர்ஃபாவைப் பார்த்தான். அந்தக் கரையில் பிறந்தவன். மோட்டாரை நிறுத்திவிட்டு, தலையைத் திருப்பிக்கொண்டான்.

ஆர்ஃபா கரண்டியைத் தண்ணீரில் விட்டாள். படகு நின்றிருந்ததால் கம்பி நேராகவே இறங்கியது. முதல் சிவப்பு. மெல்ல, மெல்ல இரண்டாவது. மூன்றாவதும் போனது. நூற்று ஐம்பது. இன்னும் போனது. காலையில் தொட்ட தரையெல்லாம் அந்த இடத்துத் தரை, இங்கே அப்படி இல்லாவிட்டால்? இன்னும் போனது. நூற்று அறுபது இருக்கும். அவள் உதடு எண்ணிக்கொண்டே இருந்தது. ஹார்லன் துடுப்பை இடது கையால் பிடித்து, காற்றுக்குப் படகு நகராமல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

கம்பி தளர்ந்தது.

ஆர்ஃபா விரலால் அரை அங்குலம் தூக்கினாள், விட்டாள். மெத்தென்று பட்டது. இன்னொரு தடவை தூக்கினாள், விட்டாள். அதே இடம். அது எங்கும் போகவில்லை.

"தொட்டுடுச்சா?" என்றான் ஹார்லன்.

அவள் ஆமென்று தலையசைத்தாள். வெகுநேரம் கம்பியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்க ஒரு கையைக்கூட எடுக்கவில்லை.

"அவன் போகல, ஹார்லன்" என்றாள். "படுத்திருக்கான்."